பச்சை ஒட்டுப் போட்ட இரண்டு பெட்டிகள்

நோன்பு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால், யூஸ்தினாவும் நானும் ஒருத்திக்கு ஒருத்தி சொன்ன பொய்கள் இன்றைக்கும் பத்திரமாக இருந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு ஐம்பத்தைந்து நாள். இறைச்சி, பால், முட்டை எதையும் தொடக்கூடாது. எங்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் யோசித்து மறைத்தார்கள். இதை மட்டும் யோசிக்கவில்லை.

என் அப்பா எகிப்தில், அஸ்யூத்தில், டாக்டராக இருந்தவர். நியூ ஜெர்சிக்கு வந்து இங்குள்ள தேர்வில் மூன்று முறை தோற்றார். இப்போது ஒரு லேபில் மற்றவர்களுக்கு ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார். அதனால் நான் எட்டாவது படிக்கும்போதே அம்மா முடிவு கட்டிவிட்டாள்: இரினி, அதாவது நான், எட்டு வருஷப் படிப்புக்குத்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் முடிக்கும்போதே கல்லூரிக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு. நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு கிடையாது, தோற்கவும் வழி கிடையாது. நாங்கள் குறிவைத்த கல்லூரியில் வருஷத்துக்குப் பத்து இடம். விண்ணப்பிப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது" என்றாள் அம்மா.

"யூஸ்தினாகிட்ட கூடவா?"

"அவகிட்டதான் முதல்ல சொல்லக்கூடாது. அவ அம்மா மஹா இருக்காளே, அவ பாத்தா பச்சைமரம் பத்தி எரியும்."

கண்ணேறு விஷயத்தில் எகிப்துக் கிறிஸ்தவர்களான எங்கள் கோப்டிக் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. பிறத்தியார் குழந்தையை அழகு என்று சொல்வதற்கு முன் "சிலுவை பேரால" என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொன்னால் சொன்னவர் கண் படாது. சொந்த வீட்டுக்குள் அது தேவையில்லை. நம் கண் நம்மை என்ன செய்துவிடும்? யூஸ்தினாவும் நானும் ஏழு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருநாளும் அதை ஒருத்திக்கு ஒருத்தி சொன்னதில்லை.

பன்னிரண்டாவது தொடங்கும் முன், ஆகஸ்டில், நான் அவளிடம் இன்ஜினியரிங் போகிறேன் என்று சொன்னேன். அவள் நர்சிங் என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான், ஏனென்றால் தவளையை அறுக்கும் வகுப்பில் என் பங்கையும் சேர்த்து அறுத்தவள் அவள். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அவளும் திருப்பிக் கேட்பாளே!

அதற்கப்புறம் எட்டு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். என் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஆறாம் வகுப்பிலிருந்து திருத்தியவள் யூஸ்தினா. "ஏன் டாக்டராக விரும்புகிறாய்" என்ற கட்டுரையை மட்டும் நான் தனியாக உட்கார்ந்து பதினோரு தடவை எழுதினேன். பதினோரு தடவையும் அது பொய் மாதிரியே இருந்தது. ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் சக்கர நாற்காலி தள்ளப் போனேன். அவளிடம் கணக்கு வகுப்பு என்றேன். மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வானிலையைப் பற்றிப் பேசினேன். கூட ஆள் இருக்கும்போதே இத்தனை தனியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மார்ச்சில் இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். இரண்டு மணி நேரப் பயணம், வேறு மாநிலம். யூஸ்தினாவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"ஐயோ பாவம். நானும் அன்னிக்கி இருக்க மாட்டேன்டி, பெரியப்பா பையனுக்கு நிச்சயதார்த்தம்" என்றாள்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். இருபத்திநாலு பேரை இரண்டு அணியாகப் பிரித்து, காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இன்டர்வியூ வைத்திருந்தார்கள். நான் மதிய அணி. முதலில் சாப்பாடு. நீளமான மேசையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர். என்ன சாப்பிடுவாய் என்று முன்னமே ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். நோன்பு என்பதால் பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று குறித்து அனுப்பியிருந்தேன். அப்படிக் கேட்டவர்களின் பெட்டிக்குப் பச்சை ஒட்டு.

மேசை முழுவதிலும் பச்சை ஒட்டு இரண்டே இரண்டு. ஒன்றில் இரினி வஹ்பா. இன்னொன்றில் யூஸ்தினா கிர்கிஸ்.

நிமிர்ந்து பார்த்தால், கறுப்புக் கோட்டும் இழுத்துக் கட்டின கூந்தலுமாக, காலை இன்டர்வியூ முடித்துவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். என்னைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். நிதானமாக வந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பல்வலி எப்படிடி இருக்கு?"

"பரவாயில்ல. மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"ரொம்ப நல்ல பையன். மேளதாளம்தான் கொஞ்சம் கம்மி."

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் சில்லென்ற கொண்டைக்கடலை விழுதும் அட்டை மாதிரி ஒரு ரொட்டியும். எட்டு மாதத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

"உங்கிட்ட பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தடிச்சுப் போச்சு" என்றேன்.

"எனக்கு மட்டும் என்னவாம்? நர்சிங்னு சொன்னேனே, ஒரு வார்த்தை கேட்டியா நீ? கேட்டிருந்தா அன்னிக்கே கொட்டியிருப்பேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. பிறகு விரலை நீட்டினாள். "இங்க பாரு. ரிசல்ட் வந்தா, நல்லதோ கெட்டதோ, முதல்ல எனக்கு நீ, உனக்கு நான். அம்மாக்களுக்கெல்லாம் அப்புறம்தான். சரியா?"

"சரி" என்று விரலைக் கோத்தேன்.

என்னை உள்ளே அழைத்தார்கள். வெள்ளைத் தலை டாக்டரம்மா ஒருத்தி ஏதேதோ கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "மனசு உடைஞ்சு போற மாதிரி ஒரு நாள் வந்தா, முதல்ல யார்கிட்ட சொல்லுவே?"

பயிற்சி வகுப்பில் இதற்கு நல்ல பதில் ஒன்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "யூஸ்தினாகிட்ட" என்றேன். "எட்டு மாசமா அவகிட்ட எதையும் சொல்லல. அவ இப்ப வெளியதான் உட்கார்ந்திருக்கா." பிறகு மொத்தக் கதையையும், நோன்பு, பச்சை ஒட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு கூத்து. என் அம்மாவும் மஹா அத்தையும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள்.

"என்ன மஹா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான், திரைச்சீலை வாங்கலாம்னு. நீங்க?"

"நாங்களும் அதுக்குத்தான்."

இரண்டு மணி நேரம் கார் ஓட்டிவந்து திரைச்சீலையாம்! வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா, "பாத்தியா, பாம்பு எங்க புகுந்திருக்குன்னு?" என்றாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. திறக்கும்போது அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "மகிழ்ச்சியுடன்" என்ற முதல் வார்த்தையைப் பார்த்ததுமே அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா லேப் சட்டையோடு ஓடிவந்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "வெள்ளைக் கோட்டு போடற வரைக்கும் வெளியில தெரியக்கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் கையிலேயே போன் சிணுங்கியது. யூஸ்தினா. "வந்துச்சா?" என்ற ஒரே சொல். போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்குப் பதில் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. விரல் கோத்தது நினைவில் இல்லாமல் இல்லை. அம்மாவின் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது, அதுதான் உண்மை. கையில் கிடைத்த பிறகு, யூஸ்தினா கண்ணுக்கே நான் பயந்தேன். இதை எழுதவே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைத் திருநாள். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோரும் ஓலையில் சிலுவை பின்ன உட்காருவார்கள். வருஷா வருஷம் அவளும் நானும் ஒரே கட்டு ஓலையை நடுவில் போட்டுக்கொண்டு பின்னுவோம். அன்றைக்கும் அவள் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தேன். அவள் ஓலையைக் கிழித்துப் பின்னிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"எனக்கு இல்லைன்னு வந்துடுச்சுடி. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, தாமதமாகுதாம்னு சமாளிச்சு வெச்சிருக்கேன். உங்கிட்டதான் முதல்ல சொல்றேன், பேசிக்கிட்ட மாதிரி." மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு?"

"இன்னும் வரல" என்றேன்.

எட்டு மாதப் பழக்கம். யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அவள் கை நின்றது. "எல்லாருக்கும் வியாழக்கிழமை நாலு மணிக்கே அனுப்பிட்டாங்களே. மின்னஞ்சல்லயே எழுதியிருந்துச்சு இரினி."

அந்த வரியை நான் படிக்கவே இல்லை. கிடைத்தவள் அதெல்லாம் எதற்குப் படிக்கப்போகிறாள்?

"கிடைச்சிடுச்சு" என்றேன். "அந்த இன்டர்வியூல உன்னப் பத்திதான்டி சொன்னேன். மனசு உடைஞ்சா முதல்ல யார்கிட்ட சொல்லுவேன்னு கேட்டாங்க. உம் பேரத்தான் சொன்னேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதி பின்னின சிலுவையை முடிந்து, முனையைச் செருகி, என் மடியில் வைத்தாள்.

"சிலுவை பேரால. நல்லபடியா படி" என்றாள்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவை அதை எனக்குச் சொன்னாள், பிறத்தியார் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது போல. தன் கண் என்மேல் பட்டுவிடக்கூடாது என்று அவளே காவல் வைத்துவிட்டு எழுந்துபோனாள். நான் ஓலைக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி அழுதேன். நோன்புக் களைப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

காரில் ஏறியதும் அம்மா கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் எதுவும் சொல்லிடலையே?"

"சொல்றதுக்கு இனிமே யாரும்மா இருக்கா?" என்றேன்.

"அதான் நல்லது" என்று அம்மா வண்டியைக் கிளப்பினாள்.