கோசலையின் கைக்கு ஓர் அகப்பை

என் மனைவி கோசலையின் அகப்பையை நான் முறித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. பெயின்ற் டின்னின் மூடியைக் கிளப்ப வேறொன்றும் அகப்படவில்லை. 'டக்' என்றொரு சத்தம். லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயிலே தடம்புரண்டதோ என்று பக்கத்துக் கட்டடத்தார் யன்னலைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

கோசலை கத்தவில்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, அடுத்த மாதம் மச்சாளின்ரை எழுபதாவது பிறந்தநாள். கூழ்தான் வேணுமெண்டு கேட்டிருக்கிறா. இனி என்னத்தாலை துழாவுறது, உங்கடை மூக்காலையோ?"

மச்சாள் என்றால் என் அக்கா இராசமலர். புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து அவர் வருகிறார் என்றால் ரயில்கூட நேரத்துக்கு வரும். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து விட்டபின் கையெடுக்காமல் துழாவ வேண்டும். கொஞ்சம் அடிப்பிடித்தாலும் அக்கா அதை எண்பதாவது பிறந்தநாள் வரைக்கும் சொல்லிக் காட்டுவார். கடையில் நாலு மரக்கரண்டி வாங்கிக் கொடுத்தேன். நாலும் கைக்கு வரவில்லை என்று கோசலை ஒதுக்கிவிட்டாள்.

அப்போதுதான் மார்க்ஸ் தோர்முவா மெத்ரோ நிலையத்துப் பக்கத்துச் சங்கக் கட்டடத்தில் அந்த அறிவித்தலைக் கண்டேன்: மரக்கரண்டி செதுக்கப் பழகலாம், சனிக்கிழமைகளில். பழக்குவது மெலானி என்ற பிள்ளை. முப்பது வயதிருக்கும். பச்சை பிர்ச் மரக்கட்டையைக் கோடரியால் ஒரே போடாகப் பிளந்து என் கையில் தந்தாள். "உள்ளே கரண்டி இருக்கிறது, முசியே குணா. மிச்சத்தை எடுத்துவிடுங்கள்" என்றாள்.

நான் மிச்சத்தை எடுத்தேன். கரண்டியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அகப்பையாகத் தொடங்கியது தேக்கரண்டியாகி, தேக்கரண்டி காதுக்குடும்பி எடுக்கிற கரண்டியாகி, கடைசியில் பல்லுக்குத்தும் குச்சியாகி நின்றது. அடுத்த வாரம் பெருவிரலில் கத்தி பட்டது. சிந்திய இரத்தத்தைப் பார்த்தால் இரத்த வங்கிக்காரர் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். மெலானி சின்னதாக ஒரு பிளாஸ்ரர் ஒட்டினாள். அது போதுமாக இருந்தது.

மூன்றாம் சனிக்கிழமைதான் கை வசப்பட்டது. மரத்தின் நார் ஓடுகிற பக்கம் சீவினால் கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும். எதிர்த்துச் சீவினால் சிராயாகக் கிளம்பும். வளைகத்தியால் குழி தோண்டும்போது சுருள் சுருளாக மரம் வருகிறதே, அந்தச் சந்தோசத்துக்குப் பென்சன் முழுவதையும் எழுதிக் கொடுக்கலாம்.

"நுனியை ஒரு பக்கம் சரித்துச் சீவினால் சட்டியின் அடியில் நன்றாகப் படியும்" என்றாள் மெலானி. "மனைவி வலக்கைக்காரியா, இடக்கைக்காரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுடைய ஆட்களில் இடக்கையால் சமைக்கிற பெண் கிடையாது, மெலானி."

வலக்கைக்கு ஏற்றபடி சரித்து, எண்ணெய் பூசி, மினுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கோசலை அதைப் பருப்புச் சட்டியில் விட்டாள். அவள் சமைப்பதை எங்கள் குசினிக்குள் நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். முப்பத்தொரு வருசம் அவள் சமைத்த நேரமெல்லாம் நான் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் ஊராருக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். பென்சனுக்கு வந்தபின் ஒரு குசினிக்குள் இரண்டு செஃப் வேண்டாம் என்று அவள் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

அகப்பை சட்டிக்குள் நொண்டியது. சரிவு அடியில் படாமல் அந்தரத்தில் நின்றது. அவள் கையைப் பார்த்தேன். இடக்கை!

"நீர் இடக்கைக்காரியே?"

"கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு கண்டுபிடிச்சிட்டார்! நோபல் பரிசுக்கு எழுதிப் போடுங்கோ."

"நீர் வலக்கையாலைதானே பரிமாறுறனீர், எழுதுறனீர்..."

"ரீச்சர் அடிமட்டத்தாலை அடிச்சு எழுத்தை மாத்தினவ. பரிமாறுற கையை அம்மா மாத்தினவ. அடுப்படியிலை ஆர் பாக்கினம்? இஞ்சை என்ரை கையாலைதான் துழாவுவன்." அகப்பையை வலக்கைக்கு மாற்றினாள். "இது இருக்கட்டும். கூழ் காய்ச்சுற நாளிலை மச்சாள் குசினிக்குள்ளை வந்து நிப்பா. அண்டைக்கு எப்பிடியும் இந்தக் கையாலைதான் துழாவோணும். பிறகு ரெண்டு நாள் மணிக்கட்டு நோகும், அவ்வளவுதானே."

அவ்வளவுதானாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே ஒரு கோப்பை சோற்றோடு நிறுத்திவிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை மெலானியிடம் போய் நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்காமல் இருந்தது பெரிய மனசு. இந்தமுறை சரிவை மறுபக்கம் கொடுத்தேன். பிடியையும் இடக்கைப் பெருவிரல் படிகிற மாதிரிக் குடைந்தேன். கோசலை அதைக் கையில் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கரண்டிகள் கிடக்கும் லாச்சியை இழுத்து உள்ளே வைத்தாள்.

பிறந்தநாளன்று அக்கா கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் போனார். நானும் பின்னால் நுழைந்தேன். கூழ் கொதித்தது. கோசலை லாச்சியைத் திறந்து, இரண்டு அகப்பையையும் பார்த்து, புதியதை எடுத்தாள். இடக்கையால் துழாவத் தொடங்கினாள்.

"என்ன கோசலை, இடக்கையாலை துழாவுறாய்?"

கோசலை துழாவுவதை நிறுத்தவில்லை.

"நான் என்ன செய்ய, மச்சாள்? உங்கடை தம்பி செய்த அகப்பை. கோணலாச் செய்துபோட்டார். வலக்கையாலை பிடிக்கவே ஏலாது."

அக்கா அகப்பையைப் பறித்து வலக்கையால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அது நொண்டியது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒரு கரண்டியை நேராச் செய்யத் தெரியாதே உனக்கு?"

"ஓம் அக்கா. பிழை என்ரைதான்."

"இவனைக் கட்டி நீ பட்ட பாடு!" அகப்பையைக் கோசலையிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்தக் கையாலையே துழாவு, பிள்ளை. அடிப்பிடிக்கப் போகுது."

கோசலை துழாவினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கூழ் குடிக்கும்போதும் அக்கா விடவில்லை. நான் மூன்று கிண்ணம் குடித்து முடிக்கும்வரை திட்டு விழுந்தது. நாலாவது கிண்ணம் கேட்டேன்.