ஐந்து கஜமா, பதினைந்தா

...பதினைந்துதான், வேறென்ன, அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குப் பதினொரு பேர்தான், களத்தில் பன்னிரண்டு பேர் இருந்தால் பதினைந்து கஜம் அபராதம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் கை பாதி உயர்ந்தும் விட்டது. சொந்த ஊர்ச் சிவப்புச் சட்டைகளுக்கு இது நான்காவது முயற்சி, கடைசி முயற்சி, எட்டு கஜம் முன்னேற வேண்டும், எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்துவிட்டது, ஆட்டம் கைக்கு வந்துவிட்டதென்று நீலச் சட்டைக்காரர்கள் குதிக்கிறார்கள், அப்போதுதான் தவறு நடந்ததற்கு நடுவர் எறியும் மஞ்சள் துணியைப் புல்லில் பார்த்தேன். கோட்டோர நடுவர் மெர்ல் எறிந்தது. நீலத்தில் ஆள் மாற்றியபோது வெளியேற வேண்டியவன், பந்து நகர்ந்த கணத்தில் இன்னும் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தான். ஓடிக்கொண்டிருந்தானா, ஆடிக்கொண்டிருந்தானா? வெளியே ஓடினான் என்றால் ஐந்து கஜம், அதே கடைசி முயற்சி மறுபடியும், இன்னும் மூன்று கஜம் பாக்கி. ஆட்டத்தில் கலந்துகொண்டான் என்றால் பதினைந்து, சிவப்புக்குப் புதிதாக நான்கு முயற்சி... பந்தைப் பிடிக்கப் போன சிவப்புப் பையன் ஏன் தயங்கினான்? அந்தப் பன்னிரண்டாமவன் குறுக்கே வந்ததால்தானே?

நடுவர்கள் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் வெள்ளைத் தொப்பி, கடைசி வார்த்தை அந்தத் தொப்பியுடையது, போன வருஷம்வரை அது மெர்ல் தலையில் இருந்தது. நான் கேட்டேன், எனக்குக் கொடுத்தார்கள், அதன்பிறகு ஒரே வண்டியில் வரும்போதும் அவருக்குச் சோள அறுவடையைப் பற்றித்தான் பேச்சு. இன்று நடுவர் சங்கத்துக்காரர் ஹாலிஸ் பார்வையாளர் மேல் வரிசையில் உட்கார்ந்து இலவங்கப்பட்டை ரொட்டியை மிளகாய்ப் பீன்ஸ் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே என்னைத்தான் பார்க்கிறார், இறுதி ஆட்டத்துக்கு வெள்ளைத் தொப்பி யாருக்கென்று அவர்தான் முடிவு செய்வார். நான் இங்கே சறுக்கினால் தொப்பி எந்தத் தலைக்குத் திரும்பிப் போகும் என்று மெர்லுக்குத் தெரியாதா என்ன... அவர் சும்மா நின்றிருந்தால் போதும். நான் அவரைக் கேட்கக்கூட இல்லை.

ஆனால் அவர் வந்தார், களத்தின் ஓரக் கோட்டிலிருந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்து, என்னைத் திருத்துவது ஹாலிஸுக்குத் தெரியாதபடி அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கைய எறக்கு லொரெய்ன். அந்தப் பையன் என்னப் பாத்துதான் ஓடி வந்தான். பந்து அவன் தலைக்கு மேலதான் போச்சு, திரும்பிக்கூடப் பாக்கல."

"நிச்சயமா மெர்ல்?"

"நிச்சயமில்லாமலா இந்த முட்டிய வச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் ஓடி வந்தேன்?"

சிவப்புப் பையன் தயங்கியது காற்றில் பந்து விலகியதால் என்றும் சொன்னார். நான் தலைகளை எண்ணினேன், கால்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்கவில்லை... எத்தனை பேர் என்பதல்ல, அந்த ஒருவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி, இதை நானே புது நடுவர்களுக்கு எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஐந்து என்று அறிவித்தேன். சிவப்பு அணிப் பயிற்சியாளர் டுவேன் கோட்டோரம் வந்து, பன்னிரண்டு வரை எண்ணத் தெரியாதா, உன் சமையலறையில் முட்டையாவது எண்ணுவாயா என்றார், கத்திவிட்டுப் போகட்டும். மெர்லுக்கு நன்றி. அந்த நீலச் சட்டைப் பையனுக்கும்தான், தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தபிறகும் கைக்கெட்டும் தூரத்தில் போன பந்தைத் தொடாமல் ஓடினானே, யார் பெற்ற பிள்ளையோ, அவனால்தான் இது ஐந்தோடு நின்றது.

பந்தை ஐந்து கஜம் நகர்த்தி வைத்தாயிற்று. ஆட்டம் முடிந்ததும் மெர்லிடம் சொல்லிவிட வேண்டும்... என்ன சொல்வது? போன வருஷம் தொப்பி அவர் தலையில் இருந்தது, எனக்கு அதன்மேல் கண் இருந்தது. அன்று அவர் கை இப்படித் தவறாக உயர்ந்திருந்தால் நான் ஓடிப்போய்த் தடுத்திருப்பேனா? எனக்கு முட்டி வலிகூட இல்லை. ஓடியிருப்பேன், நிச்சயமாக ஓடியிருப்பேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், விசிலை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொல்லிப் பார்க்கிறேன்.