லேமினேட் செய்த சிம்

என் மனைவி புஷ்பா ஐந்து கிலோமீட்டரை முப்பத்தோரு நிமிடத்தில் நடந்து முடிப்பாள். ஓட்டம் இல்லை, நடை. வயது ஐம்பத்தாறு. ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அவள் சேலைக்குக் கீழே ஷூ போட்டு நடக்கத் தொடங்கியபோது சிரித்தவர்கள் எல்லாம் இன்று அவளோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கோலாலம்பூரில் நடக்கும் மூத்தோர் நடைப்போட்டிக்கு அவள் தேர்வாகியிருந்தாள். அணியில் மற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக இவள் மட்டும் தங்கி, தனியாகக் கிளம்பினாள். முதல் விமானப் பயணம். இறங்கியதும் எந்த வாசலுக்கு வர வேண்டும், எந்த வண்டி என்பதை அணிப் பொறுப்பாளர் ஜெயப்பிரியா வாட்ஸ்அப்பில் சொல்வதாக ஏற்பாடு. அன்று மாலை ஐந்துக்குள் பெயர் பதியாவிட்டால் மறுநாள் போட்டியில் இடமில்லை. ஆக, அங்கே போனில் நெட் வர வேண்டும்.

அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்துமூன்று வருடம் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்தவன், ஒரு சிம் வாங்கத் தெரியாதா? இ-சிம் வாங்கினேன். கையில் பிடிக்கத் தகடு ஏதும் கிடையாது. மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் கோடு வரும், போன் கேமராவை அதன்மேல் காட்டினால் சிம் உள்ளே ஏறிவிடும். நம்ம ஊர் சிம்மும் பக்கத்திலேயே இருக்கும், பேங்க் ஓடிபி தவறாமல் வரும். எல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டது. அந்த க்யூஆர் கோடைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு, அவள் கையில் கொடுத்தேன்.

"இப்பவே ஏத்திப் பாத்துடலாமா?" என்றாள்.

"அங்க போய் எறங்கினதும் ஏத்து. தேவைக்கு முன்னாடி பேக்கிங்கப் பிரிக்கக் கூடாது" என்றேன். ஸ்டோர்ஸ் புத்தி.

அதோடு விட்டேனா? அட்டையைப் படம் எடுத்து, 'புஷ்பா மலேசியா புறப்படுகிறாள்' என்று எழுதி, குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அறுபத்தெட்டு பேர் கைதட்டல் படம் அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

கிளம்பும் நாள் காலை ஏழு மணி விமானம். வழியனுப்பிவிட்டு வீடு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். கோவில்பதாகையிலிருந்து கலியமூர்த்தி வந்தான். என்னோடு வேலை பார்த்தவன். போனை நீட்டினான்.

"அண்ணாத்தே, அன்னிக்கு குரூப்ல ஸ்கேன் போட்டியே. அண்ணி போட்டிக்குப் போவுதேன்னு ஐந்நூறு ரூபா மொய் அனுப்பலாம்னு அன்னிக்கே அந்தப் படத்த என் பையன் போன்ல தெறந்து வச்சுக்கினு, இந்த போனால காட்டினேன். சேக்கவானு கேட்டுச்சு. சரி, சரின்னு அமுக்கினேன். பணம் போகவேயில்ல. ஆனா மலேசியான்னு ஏதோ ஒண்ணு உள்ள வந்து குந்திக்கினு கீது."

அந்தக் கோடு ஒரு முறைதான் வேலை செய்யும், ஒரு போனில்தான் ஏறும். மின்னஞ்சலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நானே படித்திருந்தேன். அவள் நடுவானத்தில் இருக்கிறாள், கையில் செல்லாத அட்டை. கலியமூர்த்தியைத் திட்ட வாய் வரவில்லை. பாவம், அன்பாகச் செய்தவன். ஊருக்கே தம்பட்டம் அடித்தது நான். மூன்று வருடமாக அவள் நடந்த நடையை என் பெருமை ஒரே நாளில் பாழாக்கிவிட்டது என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதேன்.

பன்னிரண்டே காலுக்கு என் போன் அடித்தது. வீடியோ கால். புஷ்பா வண்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெயப்பிரியா.

"எறங்கிட்டேன். வண்டி ஏறிட்டேன். நீ ஏன் மூஞ்ச இப்டி வச்சுக்கினு கீற?"

"புஷ்பா, அந்த சிம்மு..."

"கலியமூர்த்தி அண்ணன் ஊட்டு போன்ல ஏறிடுச்சா? எவனோ ஏத்திட்டான்னு தெரியும், யாருன்னுதான் தெரியல. பக்கத்துல அவர் நிக்கிறதப் பாத்தா புரியுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு நாள் முன்னாடி மத்தியானம் நீ தூங்கறப்ப ஏத்திப் பாத்தேன். ஏற்கெனவே பயன்படுத்தியாச்சுன்னு வந்துது. புது ஷூவ ரேஸ் அன்னிக்கா போட்டுப் பாப்பாங்க? வேற ஒண்ணு நானே வாங்கி, அப்பவே ஏத்திக்கினேன். இங்க வந்து ரோமிங்க ஆன் பண்ணேன், வந்துடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அறுபத்தெட்டு பேர் கைதட்டினத ஒண்ணு ஒண்ணா படிச்சுக் காட்டின. அத எப்டிக் கெடுக்கறது?" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, பாஸ்போர்ட்டுக்கு அடியிலிருந்து அந்த லேமினேட் அட்டையை எடுத்துக் காட்டினாள். "நீ குடுத்ததாச்சே. எடுத்துக்கினுதான் வந்தேன்."

கலியமூர்த்தி மூக்கை உறிஞ்சினான். நான் அவனைப் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் ஆரம்பித்திருப்பேன்.

"நாளைக்கு நம்ம டைம் காலைல ஏழுக்கு ரேஸ். ஜெயப்பிரியா என் போன்லேர்ந்து வீடியோ காட்டும். குரூப்ல சொல்லிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே குழுவைத் திறந்தேன். போன வாரம் போட்ட படத்துக்குக் கீழே எழுதினேன்: 'நான் வாங்கிய சிம் வீணாய்ப் போய்விட்டது, தப்பு என்னுடையது. நாளை காலை ஏழு மணிக்கு நீங்கள் பார்க்கப்போவது புஷ்பா தானே வாங்கி, தானே ஏற்றிய சிம்மில்.'