நேற்றைய பேக்கப் போன இடம்

அந்தக் கால்நடை மருத்துவமனையில் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். எல்லாருக்கும் அவள் சர்வரக்கா. வயதில் மூத்த டாக்டருக்குக்கூட அக்காதான். காலையில் பழைய சர்வர் மண்டையைப் போட்டதும், "பேக்கப் இருக்கு டாக்டர், பத்தே நிமிஷம்" என்று மார்தட்டிவிட்டாள். அது நாற்பது நிமிடத்துக்கு முந்தைய கதை.

புது சர்வரின் திரையில் அதே வாசகம் நான்காம் முறையாக வந்தது: கோப்பு கிடைக்கவில்லை.

உள்ளே மேசைமேல், சிறுநீர் அடைத்துப்போன ஒரு பூனை. மயக்கம் கொடுத்து அடைப்பை எடுத்தாக வேண்டும். போன வருடம் ஏதோ ஒரு மயக்க மருந்தில் அதற்கு மூச்சே நின்றுபோய்த் திரும்பி வந்தது. எந்த மருந்து என்பது பதிவில்தான் இருக்கிறது. பூனைக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் அத்தனை வீட்டுக் கதவெண்ணும் மனப்பாடம். இந்த ஒரு பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

"அக்கா, அரை மணி நேரம் பாப்பேன். அதுக்குமேல கையில இருக்கறதப் போட்டுடுவேன்," என்றார் டாக்டர்.

அவள் திரையில், நகல்கள் சேரும் பேக்கப் பெட்டியைத் திறந்தாள்; துடைத்துவிட்டாற்போல் காலி. ஆனால் இரண்டு மாதமாகத் தினமும் 'வெற்றி' என்று பச்சையில் பதிவாகியிருக்கிறது. அப்படி எங்கே போய் வென்றதாம்? சேமிக்கும் இடத்தின் முகவரியைப் பார்த்தாள். அது அவள் வீட்டு முகவரி. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை வாங்கி, ஒன்று மருத்துவமனைக்கு, ஒன்று வீட்டுப் படங்களுக்கு என்று ஒரே மூச்சில் சமையலறையில் உட்கார்ந்து அமைத்தவள் அவளேதான்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, டிவிக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கே..."

"அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன். படம் ஏத்த இடமே இல்ல. வாயில நுழையாத பேருல ஏதோ குப்பை. பழசுலேருந்து ஒண்ணொண்ணா அழிச்சிட்டு வரேன்."

"கைய எடுங்க."

"எதுலேருந்து?"

"எல்லாத்துலேருந்தும். எழுந்து போய் சுவரோரமா நில்லுங்க."

நின்றார் போலிருக்கிறது. தூரத்திலிருந்து குரல் வந்தது: "ரெண்டு மாசமா நெட் ஊருதுன்னு கம்பெனிக்காரன தினம் திட்டினேனே, இதுதானா?"

மனிதர் எதையும் ஆற அமரச் செய்பவர் என்று இருபது வருடமாகச் சலித்துக்கொண்டவள், அந்த மந்தத்துக்கு மனதார ஒரு கும்பிடு போட்டாள். நேற்றைய கோப்பு பத்திரமாக இருந்தது. மீட்பு முகவரியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். முப்பது, ஐம்பது, எழுபத்தொன்பதில் நின்று உயிரை வாங்கி, நூறு.

பூனையின் பக்கம் திறந்தது. டாக்டர் படித்தார். தட்டில் தயாராக நிரப்பி வைத்திருந்த ஊசியை எடுத்துக் குப்பையில் போட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. தபால்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவளும் சேர்ந்து அழ ஆரம்பித்து, நடுவில் சிரிப்பு பீறிட்டு, எதை அடக்குவது என்று தெரியாமல் திண்டாடினாள்.

வேறு மருந்தில் மயங்கி, அடைப்பு நீங்கி, பிற்பகல் கண்விழித்த பூனை முதல் வேலையாக டாக்டரின் கட்டைவிரலைக் கடித்தது. அவர் கட்டுப் போட்ட விரலோடு உட்கார்ந்து, பதிவில் தானே ஒரு வரி சேர்த்தார்.

சாயங்காலம், முகவரியைத் திருத்தியபின் பேக்கப் முடிந்து, பச்சையில் 'வெற்றி' என்று வந்தது. சர்வரக்கா அதை நம்பவில்லை. மருத்துவமனைப் பெட்டியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து, சும்மா கிடந்த ஒரு கணினியில் முழுதாக மீட்டு, பூனையின் பக்கத்தைத் திறந்து கடைசி வரியைப் படித்தாள்: 'கடிக்கும்.' பிறகுதான் செருப்பை மாட்டினாள்.