இரண்டு கல்லூரி, ஒரே கெலர்மன்

வேபர்ன் பல்கலைக்கழகத்தில் ஐம்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்றாம் ஆண்டு மாணவியாகப் புதிதாக வந்து சேர்ந்தவள் ராக்ஸேன் ப்ரூவர். அதற்கு முன் இரண்டு வருடம், பகலில் டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மில்கிரீக் என்ற சின்னச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புகளில் உயிரைக் கொடுத்துப் படித்தவள். இங்கே நர்சிங் பிரிவில் இடம் கிடைத்தபோது டயர் கடைக்காரர்கள் கேக் வெட்டினார்கள். புள்ளியியல் பாடம் தேறியிருந்தால்தான் இந்த வருடமே நர்சிங் வகுப்பில் உட்கார முடியும். இல்லாவிட்டால் ஒரு வருடம் வெளியே நிற்க வேண்டும்.

தேறித்தான் இருந்தாள், முதல் தரத்தில்.

"மில்கிரீக் புள்ளியியலை நாங்க ஏத்துக்கறதில்ல, கண்ணு," என்றாள் மாணவர் ஆலோசகர் பெய்ஜ். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே ஒரு புன்னகை வைத்திருந்தாள்.

"ஏன், அதே புஸ்தகம்தானே?"

"புஸ்தகம் அதேதான். ஆனா இது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் பாரு. தரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

இருக்கத்தான் செய்தது. நுழைவாயிலில் ஆளுயர எழுத்தில் பொறித்தே வைத்திருந்தார்கள். மேல்முறையீடு செய்துவிட்டு, முடிவு வரும்வரை ராக்ஸேன் அதே பாடத்தில் மறுபடி போய் உட்கார்ந்தாள். சினிமா கொட்டகை போல அரங்கம். நானூறு பேர். மேடையில் ஏறிய ஆசிரியரைப் பார்த்ததும் அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. கெலர்மன்! மில்கிரீக்கில் அவளுக்குப் பாடம் எடுத்த அதே கெலர்மன், முழங்கையில் கிழிந்த அதே ஸ்வெட்டர். சராசரி ஆழம் மூன்றடிதான் என்று நம்பி ஆற்றில் இறங்கி மூழ்கியவனின் கதையை இங்கேயும் சொன்னார். நானூறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"புரொஃபசர், நீங்க இங்கயுமா?"

"காலையில இங்க, சாயங்காலம் அங்க. பதினஞ்சு வருஷமா இப்படித்தான் ஓடுது. ரெண்டு இடத்துலயும் நிரந்தரம் கிடையாது. என் ஆபீஸே கார் டிக்கியிலதான் இருக்கு."

விஷயத்தைச் சொன்னாள். துறையிலிருந்து ஒரு படிவம் வரும், இரண்டு பாடமும் சமமா என்று அவரையே கேட்பார்கள் என்றாள்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? உள்ளதை உள்ளபடி எழுதிடறேன்," என்றார் கெலர்மன்.

ராக்ஸேனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே நர்ஸ் உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள்.

நர்சிங் வகுப்பில் சேரக் கெடு முடிகிற அன்று பதில் வந்தது. நிராகரிப்பு. கீழே கெலர்மன் கைப்பட எழுதியதையும் இணைத்திருந்தார்கள்.

'சமமே இல்லை. மில்கிரீக்கில் இருபத்திரண்டு பேர். பன்னிரண்டு அத்தியாயமும் நடத்துகிறேன், விடைத்தாளை நானே திருத்துகிறேன். இங்கே நானூறு பேர். எட்டு அத்தியாயத்தோடு முடித்துக்கொள்கிறேன், திருத்துவது கணினி. அங்கே கற்பதில் பாதிகூட இங்கே கிடைப்பதில்லை.'

அதன் அடியில் துறையின் முடிவு: 'இரண்டும் சமமல்ல என்று ஆசிரியரே உறுதி செய்துள்ளார். மாணவி இங்கே முறையாகக் கற்க வேண்டும்.'

முதல் வரிக்கு மேல் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அல்லவா, நேரம் இருந்திருக்காது.

கெலர்மனைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தாள். கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "சமம்னு ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நாளைக்கு நான் நர்சிங் கிளாஸ்ல உக்காந்திருப்பேன்!"

"நான் உங்க காலேஜைப் பத்தி உசத்தியாத்தானே எழுதினேன், ராக்ஸேன்?" மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. "இன்னொரு லெட்டர் வேணா குடுக்கறேன்."

"கெடு முடிஞ்சுபோச்சு. ஒரு வருஷம் போச்சு." இவ்வளவு நல்லவரை எப்படித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கெலர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"அங்க இப்ப இருக்கறவங்கள்ல எத்தனை பேர் இங்க வரணும்னு படிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும்தான்," என்றார் அவர், கார் சாவியைப் பார்த்தபடி.

"அப்ப அவங்களுக்காவது ஒரு பொய் சொல்லுங்க, புரொஃபசர்."