தூத்தல்

தைக்கத் தைக்கக் குண்டூசிகளை உருவி வாயில் கவ்விக்கொள்வது என் வழக்கம். அன்று காலையும் ஒரு திரைச்சீலைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. சான்றிதழ்களை நகல் எடுக்கக் கிளம்பிய மகள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆ, தூத்தலே" என்றாள். என் காதில் அப்படித்தான் விழுந்தது. நான் தலையைத் தூக்காமலே, "குடை எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடிப்படி இறங்கி, கீழே ஸ்கூட்டர் கிளம்பும்வரை கேட்டது. மூன்றாவது சிக்னலில் ஒரு லாரி.

வந்தவர்களிடமெல்லாம், "அங்க தூத்தல் போட்டுச்சா?" என்று கேட்டேன். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ரோடு காஞ்சுதாம்மா இருந்துச்சு" என்றார். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று அக்கா பயந்துபோனாள். பித்தெல்லாம் ஒன்றுமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவள் ஏன் தூத்தல் என்றாள்? எதற்குச் சிரித்தாள்? பெற்ற பிள்ளை கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் எப்படி இருப்பது? குடை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் வந்துவிடும்.

அவள் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தாள். "வர்றவங்கள வாங்கன்னும் போறவங்கள போயிட்டு வாங்கன்னும் சொல்றதுக்குச் சம்பளம்மா" என்பாள். பிரெஞ்சு தெரிந்தால் பெரிய ஹோட்டலில் எடுத்துக்கொள்வார்களாம். அதற்காக வாரம் இரண்டு சாயங்காலம் வகுப்புக்குப் போனாள். அவள் போனபின் அந்த இரண்டு சாயங்காலமும்தான் வீடு என்னைக் கடித்துத் தின்றது. ஏழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானே போய்ச் சேர்ந்தேன்.

"அம்பது வயசுல உனக்கு எதுக்குடி பிரெஞ்சு? நாக்கு வளையுமா?" என்றாள் அக்கா.

"வளையலன்னா வளச்சுக்கறேன்."

வகுப்பில் பழைய டீச்சர் மாறியிருந்தார். நான் யாரைப் பெற்றவள் என்று அங்கே எவருக்கும் தெரியாது. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. முதல் நாள் 'போன்ழூர்' என்று வணக்கம் சொன்னோம். அடுத்து நலம் விசாரிப்பது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், புத்தகத்தில் நலம், நன்றி என்று ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நான் கையைத் தூக்கி, "'ஏதோ இருக்கேன்'னு எப்படிச் சொல்றது டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் யோசித்துவிட்டு, "அதெல்லாம் அடுத்த லெவல்லதாம்மா வரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

நாலாவது வாரம் விடைபெறும் பாடம். 'ஓ ருவார்' என்றால் மறுபடி பார்ப்போம். 'அ துமேன்' என்றால் நாளைக்குப் பார்ப்போம். பரவாயில்லை, நம்மைப் போலவே இவர்களும் 'போறேன்' என்று சொல்லத் தயங்குகிற ஜனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் பலகையில் அடுத்ததை எழுதினார்.

"இது வீட்ல அடிக்கடி சொல்றது. பக்கத்துலதான் போறோம், இதோ வந்துடுவோம்னா இதைச் சொல்லணும். அ தூத்தாலேர்."

பேனா என் கையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்."

"அ தூத்தாலேர். கொஞ்ச நேரத்துல பாப்போம்."

"அதுக்கு என்ன பதில் சொல்லணும்?"

"அதேதாம்மா. அவங்க சொன்னதையே திருப்பிச் சொன்னாப் போதும். ரொம்ப ஈஸி."

அவ்வளவு ஈஸி. இதோ வந்துடறேம்மா என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். புதிதாகக் கற்றதை முதலில் என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் குடையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே. நிமிர்ந்திருந்தால் அந்த முகமாவது மிஞ்சியிருக்கும்.

டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விடைபெற வேண்டும், உள்ளே இருப்பவர் பதில் சொன்னதும் திரும்பி வர வேண்டும். எனக்கு ஜோடி, பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் ஒரு பெண். எங்கள் முறை வந்தது. அவள் வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"அ தூத்தாலேர்!"

என் வாயில் ஊசி இல்லை. மெஷின் சத்தமும் இல்லை. நன்றாகக் கேட்டது.

"குடை எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. டீச்சரும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியான பதில் சொன்னாத்தாம்மா அவ உள்ள வர முடியும். சொல்லுங்க."

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி பாதி திரும்பியபடி நின்றிருந்தது. வெளியே ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.