சாவி போட்ட விமானத்துக்கு மாலை

பிரபாவதி தன் மாதுங்கா பூக்கடையில் கட்டி எடுத்து வந்த செவ்வந்தி மாலை, குட்டி விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியில் தொங்கியது. ஐரோலிக்கு அப்பால் இருக்கும் அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் அவள் கணவன் முத்துசெல்வத்துக்கு விமானம் கழுவுகிற வேலை. இன்று ஆயுத பூஜை. லாரிக்குச் செய்வதுபோலவே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், இறக்கையில் சந்தனம். முதலாளி சுரேந்திரன் சாவியைப் போட்டுத் திருகி, விளக்கையும் எரிய விட்டிருந்தார். பூஜை நேரத்தில் வண்டி இருட்டாக நிற்கக் கூடாதாம்.

“முத்து, விசிறி கோணலா நிக்குது பார். நேரா நிறுத்து. போட்டோ நல்லா வரணும்,” என்றார் அவர்.

முத்துசெல்வம் கையால் விசிறியைத் தள்ளினான். இஞ்சின் ஒருமுறை உறுமியது. விசிறி விருட்டென்று சுழன்று நின்றது. மாலை பிய்ந்து எல்லார் தலையிலும் சிதறியது. ஈரத் தரையில் கால் வழுக்கிப் பின்னால் விழுந்ததால்தான் முத்துசெல்வத்தின் கை பிழைத்தது.

முதலில் சிரித்தவர் சுரேந்திரன்தான். “அரே, விமானமே பூ தூவி ஆசீர்வாதம் பண்ணுது! பிரபாவதி, இன்னொரு மாலை இருக்கா? எந்திரி முத்து, இன்னும் கொஞ்சம் தள்ளு.”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்த முத்துசெல்வம் மறுபடியும் விசிறியை நோக்கி நடந்தானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாராவி வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து, “சாவி போட்டுக் கெடந்தா அந்த விசிறி தூங்குத பாம்பு. கைய வச்சா எந்திரிச்சிரும்” என்று பயங்காட்டியவனே அவன்தான்.

“ஏங்க, நில்லுங்க! சாவி கெடந்தா தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? இப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“ஏட்டி, சும்மா இரி. மொதலாளி சொல்லுதாருல்லா.”

“மொதலாளி கையா போவப் போவுது?”

“ஆரத்தி முடியாம சாவியை எடுத்தா அபசகுனம்மா,” என்றார் சுரேந்திரன்.

“அப்ப நீங்களே தள்ளுங்க சார். உங்க விமானம், உங்க பூஜை. வாங்க, நான் போட்டோ எடுக்கேன்.”

சுரேந்திரனின் கைகள் தாமாகவே பேன்ட் பைக்குள் போயின. சிரிப்பு நின்றது.

“தெரியும்லா? தெரிஞ்சேதான இவர தள்ளச் சொன்னிய?”

அவள் இறக்கைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். கதவைத் திறந்து, சாவியைத் திருகி உருவி, ஆரத்தித் தட்டில் குங்குமத்தின் மேல் போட்டாள். தட்டு அதிர்ந்தது.

“நாளைலேந்து நீ வர வேண்டாம், முத்து,” என்றார் சுரேந்திரன், அவளைப் பார்க்காமல்.

ரயில் குர்லாவை நெருங்கியது. கூட்டத்தில் தொங்கிக்கொண்டு நின்ற முத்துசெல்வம் கேட்டான்: “வேலை போச்சு. சந்தோசமா?”

பிரபாவதிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

“அந்தக் கையால கம்பியப் புடிச்சிக்கிட்டுல்லா கேக்குதிய,” என்றாள்.